எல்லைக்கல்லை நகர்த்தின மூடன் – ஒரு எகிப்திய கணக்குப்பிள்ளையும் சாலொமோனின் நீதிமொழிகளும்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். காபியோ டீயோ கையில எடுத்துக்கிட்டு உக்காந்துடுங்க.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனா எட்டாவதுலேர்ந்து படிச்சது ஒரு மிஷன் பள்ளிக்கூடம். வாரத்துல ஒரு பீரியட் நீதிபோதனை. எங்க வாத்தியார் பைபிள்ல நீதிமொழிகள் புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு, தினசரி வாழ்க்கையில எவன் மூடன், எவன் ஞானின்னு கதை சொல்லிக்கிட்டே போவார். பாதி வகுப்பு தூங்கும். நானும் தூங்கற கோஷ்டிதான். ஒருநாள் மட்டும் முழிச்சுக்கிட்டேன். முன்னோர்கள் நட்டு வச்ச எல்லைக்கல்லுல கை வைக்காதேன்னு ஒரு அறிவுரை வந்தது.

முழிச்சதுக்குக் காரணம் எங்க தாத்தா. அவருக்கும் அவர் பங்காளிக்கும் நடுவுல ஒரு வரப்பு. பங்காளி வருஷா வருஷம் உழவு சமயத்துல மண்வெட்டியால அந்த வரப்பை எங்க பக்கம் சீவிக்கிட்டே வருவார். ஒரு வருஷத்துக்கு நாலு விரல்கடைன்னா பத்து வருஷத்துல என்ன ஆகும்னு கணக்குப் போட்டுக்குங்க. தாத்தா சும்மா இருப்பாரா? முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். பதினோரு வருஷம் வழக்கு. மொத்தத் தகராறும் நாலு சென்ட் நிலத்துக்கு. வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் அழுத காசுல நாப்பது சென்ட் வாங்கியிருக்கலாம்னு பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாங்க.

அன்னிக்கு சாயங்காலம் தாத்தாகிட்ட போய், பைபிள்ல இப்படி எழுதியிருக்கு தாத்தா, சாலொமோன் ராஜா எழுதினதாம்னு சொன்னேன். வெத்தலையை மென்னுக்கிட்டே ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எழுதினவனுக்கும் ஒரு பங்காளி இருந்திருப்பான்."

எழுதினவன் யார்? இந்தக் கேள்வி பல வருஷம் கழிச்சு, வேற ஏதோ படிக்கப்போய், மறுபடி என்கிட்ட வந்து மாட்டிக்கிச்சு. அதுதான் இந்தப் பதிவு.

கதை 1888-ல ஆரம்பிக்குது. வாலிஸ் பட்ஜ்னு ஒரு ஆங்கிலேயர், பிரிட்டிஷ் மியூசியத்துக்காக எகிப்துக்குப் போய்ப் பழைய பொருள்களை வாங்கிக் குவிக்கிறார். வாங்கறார்னு மரியாதையா சொல்றேன். லக்சர்ல ஒரு வீட்டுல அவர் வாங்கி வச்சிருந்த சுருள்களையும் சாமான்களையும் அதிகாரிகள் பூட்டி சீல் வச்சுட்டாங்க. பக்கத்து ஹோட்டல் தோட்டத்துச் சுவர் பக்கமா கன்னம் வச்சு, காவலுக்கு நின்ன சிப்பாய்ங்களுக்கு ஆட்டுக்கறியும் சோறும் போட்டு, உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்ததை அவரே பின்னாடி தன்னோட நினைவுக் குறிப்புல பெருமையா எழுதி வச்சிருக்கார். நம்ம ஊர்ல இதுக்குப் பேர் வேற.

அந்த 1888 வேட்டையிலேயே பட்ஜ் வாங்கின இன்னொரு பாப்பிரஸ் சுருள், இன்னிக்கு மியூசியத்துல 10474-ங்கற நம்பர்ல இருக்கு. கிட்டத்தட்ட பன்னிரண்டு அடி நீளம். முப்பத்தஞ்சு வருஷம் அதை யாரும் பெரிசா கண்டுக்கலை. 1923-லதான் பட்ஜ் அதை முழுசா அச்சுல கொண்டுவந்தார். அடுத்த வருஷமே குண்டு வெடிச்சது.

சுருளை எழுதினது ஒரு எகிப்திய அதிகாரி. பேரு அமெனெமோப்பே. ஊர் அக்மீம் பக்கம். காலம் ராமேசஸ் பேருள்ள மன்னர்கள் ஆண்ட சமயம், தோராயமா கி.மு. 1300-க்கும் 1075-க்கும் நடுவுல. தன் உத்தியோகத்தை முன்னுரையில அவரே வரிசையா அடுக்கறார்: தானியக் கணக்கு, வரிப் பட்டியல், ஆத்துல புதுசா ஒதுங்கற திட்டுகளை அரசன் பேர்ல பதியறது, அப்புறம் – இங்கதான் நான் நிமிர்ந்து உக்காந்தேன் – வயல்களுக்கு எல்லைக்கல் நடறது. நம்ம பாஷையில சொன்னா கணக்குப்பிள்ளையும் சர்வேயரும் ஒரே ஆள். தன் கடைசிப் பையனுக்கு வாழ்க்கையில எப்படி நடந்துக்கணும்னு முப்பது அத்தியாயத்துல அறிவுரை எழுதியிருக்கார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நம்பர் கூட போட்டிருக்கார். குமாஸ்தா புத்தி!

1924-ல பெர்லின்ல அடோல்ஃப் எர்மான்னு ஒரு அறிஞர். அந்தக் காலத்து எகிப்தியப் படிப்புக்கே பெரிய வாத்தியார். அவர் இந்தச் சுருளைப் படிச்சுட்டு பைபிள் நீதிமொழிகளைப் பக்கத்துல வச்சுப் பார்த்தார். குறிப்பா 22-ம் அதிகாரம் 17-ம் வசனத்துலேர்ந்து 23-ம் அதிகாரம் 11-ம் வசனம் வரைக்கும். வரிக்கு வரி இல்லைன்னாலும் விஷயத்துக்கு விஷயம் பொருந்துது.

காதைக் கொடுத்துக் கேட்டு உள்ளே பத்திரமா வச்சுக்கோன்னு ரெண்டும் ஆரம்பிக்குது. ஏழைன்னு இளக்காரமா நினைச்சு அவன்கிட்ட பிடுங்காதே. சட்டுனு கொதிக்கிற ஆளோட சகவாசம் வச்சுக்காதே. பெரிய அதிகாரி வீட்டுப் பந்தியில உக்காந்தா வாயைக் கட்டு. பணத்துக்குப் பின்னாடி ஓடாதே, அதுக்கு றெக்கை முளைச்சுப் பறந்துடும் – எகிப்தியருக்கு அது நைல் நதி வாத்துக் கூட்டம், எபிரேயருக்குக் கழுகு. மனசில்லாம போட்ட சோத்தைத் தின்னா வாந்திதான் வரும். வேலையில கெட்டிக்காரன் அரசன் முன்னாடி நிப்பான். அப்புறம் நம்ம எல்லைக்கல்.

இதுல எர்மான் செஞ்ச ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீதிமொழிகள் 22:20-ல ஒரு எபிரேயச் சொல் ஆயிரக்கணக்கான வருஷமா யாருக்கும் புரியாம உறுத்திக்கிட்டிருந்தது. எழுதியிருக்கிறபடி படிச்சா "முந்தாநாள்"ங்கற மாதிரி வரும். முந்தாநாள் உனக்கு என்னத்தை எழுதினேன்? அர்த்தமே இல்லை. ஓரத்துல திருத்திப் படிச்ச யூத அறிஞர்கள் வேற மாதிரி படிக்க, அதுலேர்ந்து உயர்ந்த விஷயங்கள்ங்கற மாதிரி ஒரு பொருள் வந்தது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "மூணு விதமா"ன்னு போட்டுச்சு. மூணாம் நூற்றாண்டுல ஓரிகன்ங்கற கிறிஸ்தவ அறிஞர் அந்த "மூணு விதமா"வைப் பிடிச்சுக்கிட்டு, வேதத்துக்கு உடல், ஆன்மா, ஆவின்னு மூணு அடுக்கு அர்த்தம் உண்டுன்னு ஒரு பெரிய தத்துவத்துக்கே அதை ஆதாரமா காட்டினார்.

எர்மான் சொன்னது என்னன்னா: அய்யா, நடுவுல ஒரே ஒரு எழுத்தை மாத்துங்க, அது "முப்பது". எபிரேயத்துல அந்த ரெண்டு எழுத்துக்கும் வித்தியாசம் வால் கொஞ்சம் நீளமா, குட்டையாங்கறதுதான். அமெனெமோப்பே புத்தகத்துல எத்தனை அத்தியாயம்? முப்பது! கடைசியில அந்த முப்பது அத்தியாயத்தைப் பாருன்னு அவரே சொல்லவும் செய்யறார். 1952-ல வந்த ஆர்.எஸ்.வி. ஆங்கில பைபிள்லேயே "முப்பது" ஏறிடுச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது. அந்தப் பகுதியை முப்பது அறிவுரையா பிரிக்கிறதுல ஆளாளுக்கு ஒரு கணக்கு.

சரி, இதுக்கு மேல என்ன நடந்திருக்கும்னு பதிவுலகத்துல குப்பை கொட்டின நமக்குத் தெரியாதா? "காப்பி அடிச்சுட்டாங்க!" "இல்லவே இல்லை, அவங்கதான் எங்ககிட்டேர்ந்து எடுத்தாங்க!" ரெண்டு அணி. ரெண்டாவது அணிக்கு எத்தியேன் திரியோத்தோன்ங்கற பிரெஞ்சுக்காரர் வந்தார். சாதாரண ஆள் இல்லை, கத்தோலிக்கப் பாதிரியார், எகிப்தோட தொல்பொருள் துறைக்கே 1952 வரைக்கும் தலைவரா இருந்தவர். அமெனெமோப்பே எழுதின எகிப்திய மொழி கரடுமுரடா இருக்கு, அது ஒரு எபிரேய மூலத்தோட மொழிபெயர்ப்பாத்தான் இருக்கணும்னு 1950-கள்ல வாதாடினார். 1961-ல ரொனால்ட் வில்லியம்ஸ்ங்கறவர் ஒவ்வொரு சொல்லா எடுத்து, இதெல்லாம் சுத்தமான எகிப்திய நடைதான்னு பதில் கொடுத்தார். கெய்ரோவுல இதே நூலோட ஒரு துண்டு, ஓட்டுச் சில்லுல எழுதினது, கிடைச்சிருக்கு. அதோட எழுத்தை வச்சுப் பார்த்தா எப்படியும் இருபத்தியோராம் வம்ச காலத்துக்குப் பிந்தாது, அதாவது கி.மு. 945-க்கு இந்தப் பக்கம் வராது. பையன்கள் எழுதிப் பழகற அளவுக்கு நூல் அப்பவே பரவியிருந்தா, அது பிறந்தது அதுக்கும் முன்னாடி. இன்னிக்கு பெரும்பாலான ஆய்வாளர்கள் எகிப்துலேர்ந்து எருசலேமுக்குத்தான் வந்ததுங்கறாங்க. நேரடியா இல்லை, ரெண்டுக்கும் பொதுவான ஒரு மரபுலேர்ந்துன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

"காப்பி"ங்கற வாதத்துக்கு ஒரு இருண்ட பக்கம் உண்டு, அதையும் சொல்லணும். 1902-லேயே ஃப்ரீட்ரிக் டெலிட்ஷ்னு ஒரு பேராசிரியர், ஜெர்மன் சக்கரவர்த்தியை முன்வரிசையில வச்சுக்கிட்டு, பழைய ஏற்பாட்டுல பாதி பாபிலோன் சரக்குன்னு பேசினார். ஆரம்பத்துல அது ஆராய்ச்சி. போகப் போக அவருக்கே அது வெறுப்பாயிடுச்சு, பழைய ஏற்பாடே ஒரு பெரிய ஏமாத்து வேலைன்னு புத்தகம் போட்டார். 1933 நவம்பர்ல பெர்லின் ஸ்போர்ட்பாலஸ்ட் அரங்கத்துல ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி, நாஜி ஆதரவு சபைக்காரர் ஒருத்தர் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறியணும்னு முழங்கினார். கைதட்டல். இந்த நீதிமொழி ஒப்பீட்டைச் செஞ்ச எர்மானுக்கு என்ன ஆச்சு தெரியுமா? அவர் குடும்பத்துல யூத வம்சாவளி கொஞ்சம் இருந்ததுங்கறதுக்காக 1934-ல பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒதுக்கி வச்சாங்க. 1937-ல இறந்துட்டார். வருஷத்தை வரிசையாப் போட்டுப் பாருங்க. கடன் வாங்கின ஞானம் கள்ள ஞானம்னு ஆரம்பிச்ச பேச்சு கடைசியில யார் வீட்டுக் கதவைத் தட்டுச்சுன்னு.

இதுல வேடிக்கை என்னன்னா, பைபிளே இதை ஒளிக்கலை. ராஜாக்கள் புத்தகத்துல சாலொமோனைப் புகழும்போது, எகிப்தியர் ஞானத்தையும் கிழக்கத்தியர் ஞானத்தையும் விட இவர் ஞானம் பெரிசுன்னுதான் புகழ்றாங்க. எதிராளி சொத்தை ஆளா இருந்தா அப்படி ஒப்பிடுவாங்களா? நீதிமொழிகள் புத்தகத்துக்குள்ளேயே ஆகூர், லேமுவேல்னு வேற பேர்களும் இருக்கு. 25-ம் அதிகாரத் தொடக்கத்துல, இதையெல்லாம் யூதாவின் ராஜா எசேக்கியாவோட ஆட்கள் பெயர்த்து எழுதினாங்கன்னு நேர்மையா குறிப்பு இருக்கு. சாலொமோனுக்கும் எசேக்கியாவுக்கும் நடுவுல இருநூறு வருஷத்துக்கும் மேலே.

அந்த எசேக்கியா காலத்தை யோசிச்சுப் பாருங்க. கி.மு. எட்டாம் நூற்றாண்டோட கடைசி. வடக்குல அசீரியா மென்னு முழுங்கிக்கிட்டு வருது. 701-ல சனகெரிப் படையோட வந்தே வந்துட்டான். எருசலேம்ல ராஜாவோட மந்திரிமார்கள் எகிப்துக்குத் தூது அனுப்பறாங்க, குதிரையும் தேரும் கேட்டு. வெளியே ஏசாயா தீர்க்கதரிசி, எகிப்துகிட்ட போறவன் மூடன், பார்வோனோட ஞானிகளும் மூடர்கள்னு கத்திக்கிட்டிருக்கார். உள்ளே அதே அரண்மனை எழுத்தர்கள் பழைய நீதிமொழிகளைப் பிரதி எடுத்துக்கிட்டிருக்காங்க. எகிப்திய அறிவுரை இவங்க கைக்கு வந்தது அப்பவா, சாலொமோன் காலத்துலயான்னு சண்டை இன்னும் ஓடுது. எனக்கென்னவோ எசேக்கியா காலம்னுதான் படுது. தூது போறவன் திரும்பி வரும்போது வெறுங்கையோட வருவானா என்ன?

ஆனா வாங்கினதை அப்படியே ஒட்டலை. அதுதான் எனக்கு முக்கியமாப் படற இடம். எல்லைக்கல் விஷயத்தையே எடுத்துக்குங்க. அமெனெமோப்பேக்கு அது ஆபீஸ் வேலை. நைல்ல வருஷா வருஷம் வெள்ளம், வண்டல் படிஞ்சு வயல் எல்லையெல்லாம் அழிஞ்சுடும். வெள்ளம் வடிஞ்சதும் கயிறு போட்டு அளந்து மறுபடி பிரிக்கணும். அளக்கிற கயித்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா ஒரு விதவையோட துண்டு நிலம் காணாமப் போயிடும். இதை எத்தனை தடவை கண்ணால பார்த்திருப்பார்! அதனால, அப்படிச் செய்யறவனைச் சந்திரனோட வல்லமை பிடிக்கும்ங்கறார். சந்திரன்னா அங்க தோத், எழுத்துக்கும் கணக்குக்கும் சாமி. இன்னொரு இடத்துல தராசுப் பக்கத்துல குரங்கு உருவத்துல அதே சாமி உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கு, எடையில கை வைக்காதேங்கறார். ஆடிட்டர் சாமி :-)

எருசலேம் எழுத்தருக்கு நைலும் இல்லை, வெள்ளமும் இல்லை. அங்க மலைச்சரிவு, கல் அடுக்கின படிக்கட்டு வயல், குலத்துக்குக் குலம் இறங்கி வர்ற காணி. அங்க கல்லை நகர்த்தறது சர்வே தப்பு இல்லை, செத்துப்போன தாத்தனைத் தோண்டி வெளியே போடற மாதிரி. ஆகாப் ராஜா கேட்டும் நாபோத் தன் திராட்சைத் தோட்டத்தைத் தரமாட்டேன்னு சொல்லி உசிரை விட்டது இதுக்குத்தான். அதனால எபிரேயத்துல சந்திரன் போயிடுச்சு. அந்த இடத்துல அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு "கோயேல்" இருக்கார், அவர் பலசாலின்னு வருது. கோயேல்னா சட்டப்படி நெருங்கின சொந்தக்காரன். கடன்ல போன நிலத்தை மீட்க வேண்டிய கடமை உள்ளவன். ரூத் கதையில வர்ற போவாஸ் மாதிரி. அப்பன் இல்லாத பிள்ளைக்குப் பங்காளியா கடவுளே வந்து நிக்கறார்ங்கறான் எருசலேம்காரன். இதைக் காப்பின்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

மூடன்ங்கற சொல்லுலயும் இப்படித்தான். அமெனெமோப்பேக்கு உலகத்துல ரெண்டே ஆள்: கொதிக்கிறவன், அமைதியானவன். எபிரேயர் ஒரு பெரிய பட்டியலே வச்சிருக்காங்க. "பெத்தி" – வெகுளி, யார் எதைச் சொன்னாலும் நம்பறவன், திருந்த வழி உண்டு. தமிழ் பைபிள்ல இவனைப் பேதைன்னு போட்டிருக்காங்க. (பெத்தி, பேதை! உடனே எபிரேயம் தமிழ்லேர்ந்து வந்ததுன்னு யாரும் பதிவு போட்டுடாதீங்க, வெறும் தற்செயல்.) "கெசீல்" – தடிச்ச மண்டை, சொன்னாலும் ஏறாது, பழைய ஏற்பாட்டுல இந்தச் சொல் வர்ற 70 இடத்துல 49 நீதிமொழிகள்லதான். "லேட்ஸ்" – எதையும் நக்கலடிக்கிறவன். தமிழ்ல பரியாசக்காரன். நாம எல்லாருமே அப்பப்போ இதுல உண்டு. "நாபால்" – மனசாட்சியே இல்லாதவன். இந்தப் பேர்லயே ஒரு பணக்காரன் சாமுவேல் புத்தகத்துல வர்றான், மூவாயிரம் ஆடு வச்சிருந்தும் தாவீதோட ஆட்களுக்கு ஒரு வேளைச் சோறு போடாம திட்டி அனுப்பிச்சவன். அவன் மனைவி அபிகாயில் இருநூறு ரொட்டியோட ஓடிப்போய் ரத்தக்களறியைத் தடுத்த கதைக்குத் தனிப் பதிவே போடலாம்.

எதிர்ப்பக்கத்துல "ஹொக்மா". ஞானம்னு மொழிபெயர்க்கிறோம். ஆனா அதே சொல்லை ஆசாரிக் கூடார வேலைக்கும், நூல் நூற்கிற பொம்பளைங்க கைத்திறமைக்கும் பைபிள் பயன்படுத்துது. தத்துவம் இல்லை, கைப்பழக்கம். நாக்கை எப்ப அசைக்கணும், எப்ப வேணாம்ங்கறது உளி பிடிக்கிற மாதிரி ஒரு தொழில்.

இந்தத் தொழில் எவ்வளவு கஷ்டம்னு 26-ம் அதிகாரத்துல தெரியும். மூடனுக்குப் பதில் சொல்லாதே, நீயும் அவனை மாதிரி ஆயிடுவேன்னு ஒரு வசனம். அடுத்த வசனமே, மூடனுக்குப் பதில் சொல்லு, இல்லைன்னா தன்னைப் பெரிய அறிவாளின்னு நினைச்சுக்குவான்னு. பக்கத்துப் பக்கத்துல! தால்முத்ல ஒரு குறிப்பு இருக்கு: இந்த முரண்பாட்டுக்காகவே நீதிமொழிகள் புத்தகத்தைப் புழக்கத்துலேர்ந்து எடுத்துடலாமான்னு யூத அறிஞர்கள் யோசிச்சிருக்காங்க. அப்புறம், ஒண்ணு வேத விஷயத்துக்கு, இன்னொண்ணு உலக விஷயத்துக்குன்னு சமாதானம் சொல்லிக் காப்பாத்திட்டாங்க. நல்லவேளை. பின்னூட்டப் பெட்டி முன்னாடி உக்காந்து, பதில் போடவா வேணாமான்னு ராத்திரி ஒரு மணிக்கு நகம் கடிச்ச யாருக்கும் ரெண்டு வசனமும் ஏன் வேணும்னு புரியும்.

எங்க தாத்தா பதில் சொன்ன கட்சி. பதினோரு வருஷம் சொன்னார். தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்தது. அமீனா வந்து கல் நட்டார். நட்ட மூணாவது மாசம் பங்காளி செத்துப்போனார். கருமாதிக்குத் தாத்தா போகலை. போகாததைப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தை பேசலை, ஆனா அந்த வயல் பக்கம் போறதை நிறுத்திட்டார்.

அமெனெமோப்பே சுருளோட கடைசியில, இதைப் பிரதி எடுத்தது சேனுங்கற எழுத்தர்னு அவர் அப்பா பேரோட குறிப்பு இருக்கு. ஒரு கட்டத்துல அந்த எழுத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஆளே உலகத்துல இல்லாம போயிட்டாங்க. மூல நூல் மண்ணுக்குள்ள கிடந்த அத்தனை நூற்றாண்டும் அதோட சாயல் மட்டும் வேற மொழியில, வேற ராஜா பேர்ல, ஜெப ஆலயத்துலயும் சர்ச்சுலயும் ஓதப்பட்டு, தரங்கம்பாடி அச்சகம் வழியா தமிழுக்கும் வந்து, ஒரு நாள் மத்தியானம் எங்க எட்டாம் வகுப்புல வந்து இறங்கியிருக்கு.

தாத்தா இருந்திருந்தா சொல்லியிருப்பேன்: எழுதினவருக்குப் பங்காளி இருந்தானான்னு தெரியலை தாத்தா, ஆனா அவர் அடுத்தவன் பங்காளிச் சண்டைக்குக் கல் நட்ட அமீனா.

டிஸ்கி: நாபால்–அபிகாயில் பதிவு அடுத்த வாரம். அடுத்த வாரம்னா எந்த வாரம்னு கேக்கப்படாது.